சபாபதி பார்க்காத சுனை

பொறாமை வயதோடு உதிர்ந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். எழுபதைத் தொடுவதற்குள் ஆறு பற்கள் உதிர்ந்தன. தலைமயிர் பெரும்பாலும் உதிர்ந்தது. பொறாமை மட்டும் புதிதாக முளைவிட்டது. நாள்தோறும் விடியலில் நீறணிந்து, அடியார்கள் உருகிப் பாடிய பதிகங்களைக் கண்ணீர் மல்க ஓதுகிறவன் நான். ஓதி முடித்த கையோடு கைப்பேசியை எடுத்து, சபாபதி இன்றைக்கு என்ன படம் அனுப்பியிருக்கிறார் என்று பார்ப்பேன். (இரண்டுக்கும் நடுவே காப்பி உண்டு.)

மகன் வாழும் ஃப்ரீமான்ட் நகரில் எங்களுக்கு ஒரு சனிக்கிழமை ஓதல் குழு இருக்கிறது. வாரம் ஒருவர் வீட்டில் கூடுவோம். ஓதல் முடிந்து, தீபாராதனை ஆனபின், சுண்டல் வருவதற்கு முன்பு ஒரு வழக்கம்: அண்மையில் தலம் கண்டு வந்தவர் அதன் சிறப்பை எடுத்துரைக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் அந்த உரிமை அநேகமாக என்னிடமே இருந்தது. எந்தக் கோயிலில் எந்த மரம், எந்தத் தீர்த்தம் எந்தத் திசையில் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆண்டு விழாவில் நாற்பது நிமிடத் தலவுரையும் என்னுடையதே. அந்த நாற்பது நிமிடத்தின் அருமை மற்றவர்களுக்குப் புரியாது. மகன் வீட்டில் நான் கார் ஓட்டுவதில்லை, சம்பாதிப்பதில்லை, தொலைக்காட்சி ரிமோட்டைக்கூடப் பேத்தியிடம் கேட்டு வாங்க வேண்டும். இந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே நிலம் அந்த நாற்பது நிமிடம்தான்.

அதன்மீதுதான் சபாபதி கால் வைத்தார்.

சபாபதி நெல்லைப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர், என்னைவிட நான்கு வயது இளையவர். அதை அவர் குறிப்பிடாத நாளில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹவாயின் பெரிய தீவுக்குப் போய்வந்து, ஒரு சனிக்கிழமை தம் கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்தார். சுற்றுலாப் பேருந்துகள் போகாத இடங்களாகத் தேடித் தேடிப் பார்த்திருந்தார்.

"இதைப் பாருங்க" என்றார். "காட்டுக்குள்ள நெருப்புக் குழம்பு ஓடி வந்து ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கு. மரம் வெந்து சாம்பலாப் போச்சு. குழம்பு கல்லாயிட்டு. இப்பம் மரம் கிடையாது. மரத்தோட சட்டை மட்டும் நிக்கி."

திரையில் ஆளுயரக் கருங்கல் குழல் ஒன்று, உள்ளே வெறுமையோடு நின்றது. கூடத்தில் எல்லாரும் திரையை நோக்கிச் சாய்ந்தார்கள். குழுவை நடத்துகிற கோமதி (குபெர்டினோவில் வேலை, எங்கள் எல்லாருக்கும் மகள் வயது) மெல்லச் சொன்னாள்: "அங்கிள், அருவுருவம்னு சொல்லுவாங்களே, அது இதானே?"

அருவுருவம் என்ற சொல்லை அந்தக் குழுவுக்குள் கொண்டுவந்தவன் நான். நான்கு சனிக்கிழமைகள் அதை விளக்கியிருக்கிறேன். அப்போது இருவர் உறங்கினார்கள். என் சொல் என் கண்ணெதிரே வேறொருவர் படத்துக்கு மாலையாக விழுந்தது.

கோமதி அத்தோடு நிற்கவில்லை. "ஆனுவல் டேக்கு இந்த வாட்டி சபாபதி அங்கிளே பேசட்டுமே. கிட்ஸ்கூட இன்ட்ரெஸ்டடா கேக்கறாங்க" என்றவள், என் முகத்தைப் பார்த்து இரங்கி, "உங்ககிட்ட ஏதாவது புதுசா இருந்தா சொல்லுங்க அங்கிள். நவம்பர்ல டிசைட் பண்ணிக்கலாம்" என்றாள்.

காரின் பின்னிருக்கையில் திரும்பும்போது என் மனைவி பர்வதம் என்னை உற்றுப் பார்த்தாள். (எங்களுக்கு ஈரோட்டுப் பக்கம்.)

"ஏனுங்க, மூஞ்சி ஏன் புளிச்ச மாவாட்டம் இருக்குது?"

"ஒண்ணுமில்ல."

"சபாபதி இன்னிக்கு நல்லாப் பேசுனாருங்க."

"படம் பேசுச்சு. அவரு எங்க பேசுனாரு."

மறுவாரமே என் மகன் கார்த்திக்கிடம், கடற்காற்று என் மூட்டுவலிக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னேன். எந்த மருத்துவர் என்று அவன் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. ஃப்ரீமான்டிலேயே கடற்காற்று வீசுகிறதே என்றும் கேட்கவில்லை. மருமகளுக்கு விடுப்புக் கிடைக்காததால் நான், பர்வதம், கார்த்திக், பன்னிரண்டு வயதுப் பேத்தி மாயா என்று நால்வர் அக்டோபரில் தீவில் இறங்கினோம். அவர்கள் விடுமுறைக்கு வந்தார்கள். நான் சபாபதி பார்க்காத இடம் ஒன்றைத் தேடி வந்தேன்.

மூன்று நாள் தேடினேன். கறுப்பு மணல் பரந்த சிறு குடாவுக்குப் போனோம். முளைவிட்ட தேங்காய்கள் மணலில் தாமாக வேரூன்றி நின்றன. கைப்பேசியில் பார்த்தேன், சபாபதி அதே தேங்காயோடு நின்று படமெடுத்திருந்தார். நெருப்பாறு ஓடி ஓய்ந்த நிலத்தடிக் குகைக்குள் போனோம். மேலே காட்டு மரங்களின் வேர்கள் கூரையைத் துளைத்துச் சடைபோலத் தொங்கின. அங்கும் அவர் வந்திருந்தார். கல்லாகிப் போன அந்த மரச் சட்டைகளையும் பார்த்தேன். அழகாக இருந்தன. என் வேதனையே அதுதான். ஆண்டவன் படைப்பைக் கண்டு நெஞ்சு நெகிழ வேண்டிய இடத்தில், இன்னும் கொஞ்சம் சுமாராக இருந்திருக்கலாமே என்று நினைத்த அடியவன் நானாகத்தான் இருப்பேன்.

நான்காம் நாள் காலை, சாலையோரத்தில் பப்பாளி விற்ற அம்மையாரிடம், யாரும் அதிகம் போகாத இடம் எது என்று மகனைக் கேட்கச் சொன்னேன். எரிமலைக் கல் பரப்பிய கடற்கரையில் ஐந்து சுனைகள் இருக்கின்றன என்றார் அவர். கடலுக்கும் அவற்றுக்கும் கண்ணுக்குத் தெரிந்த வாய்க்கால் ஏதும் இல்லை. ஆயினும் கடல் ஏறும்போது அவையும் ஏறும், கடல் இறங்கும்போது அவையும் இறங்கும். நீருக்குள் நகக்கண் அளவே உள்ள சிவப்பு இறால்கள் வாழும். எனக்கு மெய்சிலிர்த்தது. மறைந்து நின்று ஊட்டுகிற தீர்த்தம். கைப்பேசியில் மூன்று முறை தேடினேன். சபாபதி அங்கே போகவில்லை.

சுனைகளைச் சுற்றி ஒரு நடைபாதை. தொடக்கத்தில் பலகை, பலகையில் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி. மாயா அதைப் படித்தாள்.

"தாத்தா, திஸ் வே. லோ பார்ட் ஃபர்ஸ்ட், பிஃபோர் தி டைட் கம்ஸ் இன்."

கடலை ஒட்டிய தாழ்ந்த பகுதியை ஓதம் ஏறுவதற்கு முன்பே கடந்துவிட்டு, மேட்டு வழியாகத் திரும்ப வேண்டும் என்பது அதன் பொருள். எனக்குப் பொருள் தெளிவாகவே விளங்கியது. ஆனால் அந்த வழியே போனால் சுனைகள் ஐந்தும் என் இடக்கைப் பக்கம் வரும்.

"அது இடமாச் சுத்தற வழி கண்ணு" என்றேன். "தீர்த்தத்தை வலமாத்தான் வரோணும்."

"அப்பா, இது கோயில் இல்லப்பா, ட்ரெயில்" என்றான் கார்த்திக்.

"தண்ணி தானா ஊறுது. கோயிலுக்கு வேறென்னடா வேணும்?"

செருப்பைக் கழற்றிப் பலகையடியில் வைத்தேன். பர்வதம் பெருமூச்சு விட்டாள். "அதையாச்சும் போட்டுட்டுப் போங்க. கல்லு அருவாமணையாட்டம் இருக்குது."

என் மறுப்பில் பக்தி பாதிதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி ஒரு கணக்கு: நாளை சபாபதியே இங்கு வந்தாலும் அம்புக்குறி காட்டும் வழியில்தான் போவார், அவர் பொறியாளர். ஐந்து சுனைகளையும் வெறுங்காலோடு வலம் வந்தவன் உலகில் நான் ஒருவனாகவே இருப்பேன்.

முதல் சுனை என் கணக்கையெல்லாம் சற்று நேரம் மறக்கச் செய்தது. கறுத்த பாறைக் குழிக்குள் நீர் இருப்பதே தெரியாத தெளிவு. அடியில் யாரோ குங்குமத்தைச் சிதறியதுபோல் சிவப்புப் பொடி. குனிந்து பார்த்தால் பொடி நீந்தியது. கைகூப்பி ஒரு பதிகம் முழுவதும் ஓதினேன். சுனைக்கு ஒரு பதிகம், பதிகத்துக்குப் பதினொரு பாட்டு என்று வகுத்துக்கொண்டேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும், நான் தவறான வழியில் போவதாகப் பணிவோடு சொன்னார்கள். அவர்கள் அறியாமைக்கு இரங்கினேன்.

மூன்றாம் சுனையருகே என் குடும்பமே எதிரே வந்தது.

"அப்பா, போதும். எங்ககூடத் திரும்பிடுங்க" என்றான் கார்த்திக்.

"இன்னும் ரெண்டு சுனை."

"வுடு சாமி, அவரு வரமாட்டாரு" என்றாள் பர்வதம். "நாம போயிக் கொஞ்ச நேரம் நிம்மதியா உக்காரலாம்."

ஐந்தாம் சுனையில் பதினோராம் பாட்டை முடித்துக் கண்ணைத் திறந்தபோது, முன்னால் பாதை இல்லை. பாதை இருந்த இடத்தில் கடல் இருந்தது. அப்பால், பேருந்தின் நீளத்துக்கும் சற்றே அதிகமான தொலைவில், பலகை, என் செருப்பு, என் குடும்பம். வந்த வழியே திரும்பலாம் என்று ஓரடி வைத்தேன். நண்பகல் வெயிலில் அந்தக் கல் தோசைக்கல்லாகியிருந்தது. பதிகத்தின் பரவசத்தில் தெரியாத கீறல்கள் எல்லாம் ஒருசேரத் தெரிந்தன. எனக்கு நீச்சல் தெரியாது. வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி ஒரு பாறைமேல் நின்றேன். நீர் பாறையை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருந்தது.

கார்த்திக் சட்டையைக் கழற்றத் தொடங்கினான். "ஸ்டே தேர்" என்று ஒரு குரல் அவனை நிறுத்தியது. பக்கத்துக் குடாவில் குடும்பத்தோடு மீன் சுட்டுக்கொண்டிருந்த, அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர். அகன்ற தோள், நரைத்த பின்னல். குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்த காற்றடைத்த மிதவை ஒன்றைப் பறித்து இழுத்துக்கொண்டு மார்பளவு நீரில் என்னை நோக்கி நடந்து வந்தார். மிதவை ஒரு பறவை. இளஞ்சிவப்பு நிறம், நீண்டு வளைந்த கழுத்து, நீள இமைகள்.

"அங்கிள், சிட்" என்றார்.

அந்தத் தீவிலும் பெரியவர்களை அங்கிள் என்றுதான் அழைக்கிறார்கள். ஃப்ரீமான்டில் கேட்டுச் சலித்த அந்தச் சொல், அப்போது சொந்த அக்காள் மகள் அழைப்பதுபோல் ஒலித்தது. ஆயினும் எனக்கு மானம் பெரிது.

"ஐ கேன் வெயிட்" என்றேன்.

"ஃபைவ் அவர்ஸ், அங்கிள்?"

உட்கார்ந்தேன். விழாமலிருக்கப் பறவையின் கழுத்தை இரு கைகளாலும் தழுவிக்கொண்டேன். என் வேட்டி நீர்மேல் வெண்குடைபோல் விரிந்தது. அவர் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். மூன்று பட்டையாக இட்ட நீறு, கழுத்தில் உருத்திராக்கம், கன்னத்தோடு கன்னமாக அந்தப் பறவை. கரையில் பர்வதம் தலைக்குமேல் கைகூப்பினாள்.

"டே கார்த்தி, பாருடா. உங்கப்பா அன்ன வாகனத்துல எழுந்தருளறாரு."

மீன் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாயா படமெடுத்தாள். மீதியிருந்த சிறு வழியை வாகனம் நிறைவு செய்ததால், என் வலம் முழுமையடைந்தது என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

என் காலுக்குக் கட்டுப்போட்டு முடிவதற்குள் பர்வதம் அந்தப் படத்தை ஓதல் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். (இப்பிறவியில் நான் அவளுக்குச் செய்த கொடுமைகள் அதோடு தீர்ந்திருக்கும்.) முதல் பதில் சபாபதியிடமிருந்து வந்தது: "அண்ணாச்சி, இது எந்த எடம்? நான் இங்க போகலியே." காலில் குருதி, தலையில் உப்பு, வேட்டியில் பாசி. அந்த ஒரு வரியை நான்கு முறை படித்தேன். நான்காம் முறை கண் கலங்கியது.

ஆண்டு விழா உரை எனக்கே கிடைத்தது. மறைந்து ஊறும் நீரைப் பற்றியும், குங்குமம்போல் நீந்தும் உயிர்களைப் பற்றியும் இரண்டு வாரம் உழைத்து எழுதிவந்தேன். ஆறாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குழந்தை படத்தைக் கேட்டது. கோமதி திரையில் போட்டாள். அதன்பின் நான் சொன்ன எதுவும் எவர் காதிலும் ஏறவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த நாற்பது நிமிடம் என்னுடையதே. ஆனால் எல்லாரும் கேட்பது அந்த ஒரு கதையைத்தான். வீட்டிலும் அப்படியே. பக்கத்து மவுரி அவென்யூ கடைக்குக் காய்கறி வாங்கப் புறப்பட்டாலும், "நடந்து போறீங்களா, வாகனம் வருதுங்களா?" என்பாள் பர்வதம். மாயா கல்லூரிக்குப் போனபின்னும் இதைச் சொல்லுவாள் என்று தெரிகிறது. இப்போது என் பொறாமை சபாபதிமீது இல்லை. காற்றடைத்த அந்தப் பறவைமீதுதான்.

சென்ற குளிர்காலத்தில் சபாபதியும் அந்தச் சுனைகளுக்குப் போய்வந்தார். நல்ல காலணி அணிந்து, ஓத நேரம் பார்த்து, அம்புக்குறியின்படி சுற்றி, நாற்பத்திரண்டு படங்கள் எடுத்துவந்தார். சனிக்கிழமை அவர் காட்டி முடித்ததும் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுண்டலுக்கு எழுந்துவிட்டார்கள். விடைபெறும்போது வாசலில் என்னை ஓரமாக அழைத்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. அந்தம்மா அங்க என்னைக்கு வருவாவ?"

ஞாயிறுதோறும் குடும்பத்தோடு அங்கே வருவதாக அந்தப் பெண்மணி என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவில்லை என்று சபாபதியிடம் சொல்லிவிட்டேன்.