இரண்டு லூயி அருளப்பர்கள்

ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பெரிய மனிதர்கள் வாழ்ந்திருந்தால், அவர்களில் ஒருவரை மட்டும் தெரிந்து வைத்திருப்பவரிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது. புதுச்சேரியில் என்னிடம் கொடுத்தார்கள்.

சுற்றுலா வழிகாட்டி வேலைக்கு அன்று எனக்கு வெள்ளோட்டம். முதலாளி சேகர் அண்ணா, நான் தேறுவேனா என்று பார்க்கக் கூட்டத்தோடு கூட்டமாக வந்தார். மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய மஞ்சள் வீட்டின் முன் நின்றதும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"இது லூயி அருளப்பர் வீடு! பிரெஞ்சுக்காரன் காலத்து போலீஸ் அதிகாரி. வேலைநிறுத்தம் செஞ்ச மில் தொழிலாளிங்கள ஓட ஓட அடிச்ச பாவி. செத்தப்ப தூக்கக்கூட ஆள் வரல!" (கடைசி வரி என் சொந்தச் சரக்கு.)

கூட்டம் உச்சுக் கொட்டியது. அப்போது கதவு திறந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டையில் ஒரு பெரியவர். கையில் தடி.

"உள்ள வாங்க. எல்லாரும்."

சேகர் அண்ணாவின் முகம் வெளுத்தது. கூடத்துச் சுவரில் வட்டக் கண்ணாடி போட்ட ஒருவரின் படம். பெரியவர் அதன் அடியில் போய் நின்றார்.

"எங்க தாத்தா. வெளிய சொன்னத இவரு முன்னாடி சொல்லும்மா."

நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு இலவசமா பள்ளிக்கூடம் கட்டுனவரு இவரு. போலீஸ்காரரு வேற லூயி அருளப்பர். சொந்தம்கூட கெடையாது. அந்தாளு பேரால எங்க வீட்டு ஜன்னல்ல கல்லு விழுந்துட்டு இருந்துச்சு. இப்பதான் ஓஞ்சுது. நீ மறுபடி ஆரம்பிக்கிறியா?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்த வாய், "அடுத்து நாம பார்க்கப் போறது..." என்றது.

தடி தரையில் 'டொக்' என்று இறங்கியது. சேகர் அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பெரியவரின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரியவே சற்று நேரம் ஆனது.

"உக்காருங்க. இனிமே நான் சொல்றேன்" என்றார். காபி வந்தது. தாத்தாவின் கதையை அவர் சொல்லி முடித்தபோது, எங்கள் சுற்றுலா நேரமும் முடிந்திருந்தது.

வேலை கிடைத்தது. அந்தச் சந்துக்குள் மட்டும் சேகர் அண்ணா இன்றுவரை என்னை விட்டதில்லை. ஆனால் வீட்டில்தான் கேலியிலிருந்து தப்பிக்க முடியவில்லை. என் கல்யாணத்தன்று, செந்தில் தாலியைக் கையில் எடுத்த நேரம், முன்வரிசையிலிருந்து என் தம்பி கத்தினான்:

"அக்கா, எந்த செந்தில்னு ஒரு வாட்டி நல்லா பாத்துக்கோ!"

கெட்டிமேளம் கொட்ட வேண்டிய தவில்காரரே சிரித்துவிட்டார்.