மரத்த உதட்டோடு ஒரு வரி விவாதம்

சட்டம் படித்த என் அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஒரு பல் குறைகிறது. இதைப் படித்த கையோடு பல் டாக்டர் மேல் வழக்குப் போடு.

கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை, பிடுங்கப் போனேன். ஊசி போட்டுவிட்டு, "சார் எங்க வேலை பாத்தீங்க?" என்றார் டாக்டர். கஜானா அலுவலகம் என்றேன். அவ்வளவுதான், மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சம்பாதிக்கறதுல மூணுல ஒரு பங்கு வருமான வரியாக் கட்டறேன். அப்பவும் பட்ஜெட்ல பற்றாக்குறைங்கறாங்க! நியாயமா சார்?" என் வாய் நிறையப் பஞ்சு. "ஆ" என்றேன். "பாத்தியா, சாரே ஒத்துக்கறார்!" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டார்!

எனக்கு ரத்தம் கொதித்தது. பஞ்சைத் துப்பிவிட்டு, நிறையச் சம்பாதிக்கிறவர் நிறையக் கட்டுவதுதானே நியாயம், வரியைக் குறைத்தால் பற்றாக்குறை இன்னும் ஏறாதா, ரோடு யார் போடுவது என்று பிடித்துக்கொண்டேன். மரத்த உதட்டில் ப, ம, வ மூன்றும் ஒட்டவே இல்லையடா! "அரி! அரி!" என்கிறேன், "சாருக்கு அரிசி வேணுமாம் டாக்டர்" என்கிறாள் நர்ஸ். "அற்றாக்குறை" என்றேன், "சாரோட அக்காவுக்கு ஏதோ குறையாம்" என்கிறாள். நமக்கு ஏது அக்கா?

டாக்டர் காதில் எதுவும் விழவில்லை. என் வாயைத் திறந்து, "உழைக்கறவன் தலையிலயே கைய வெக்கறது நியாயமா?" என்று ஒரு இழுப்பு. "ஏமாத்தறவன விட்டுடறது நியாயமா?" என்று இன்னொரு இழுப்பு. பல் வந்துவிட்டது. குறட்டில் பார்த்தால், பளிங்கு மாதிரி நல்ல பல்! சொத்தை உள்ளேயே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது.

"ஐயோ சார், இது பக்கத்துப் பல்லு."

ஆத்திரத்தில் என் உதடு உயிர்பெற்றுவிட்டது. "தப்பு பண்ணினவன விட்டுட்டு, ஒழுங்கா உழைச்சவனப் புடுங்கறதா?" என்று கத்தினேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

டாக்டர் குறட்டோடு துள்ளினார். "அதத்தானே சார் நானும் அப்பலேருந்து சொல்றேன்!"

வெளியே காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள், தம்பி. பல்லும் போச்சு, என் கட்சியும் போச்சு. உடனே நோட்டீஸ் அனுப்பு.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் இரண்டு வேளையும் பல் தேய்க்கவும்.

இப்படிக்கு,
ஒரு பல் குறைந்த உன் அண்ணன்

பின்குறிப்பு: நோட்டீஸ் வேண்டாம். மன்னிப்புக் கேட்க டாக்டர் வீட்டுக்கே வந்தார். வாசலிலேயே விவாதம் பற்றிக்கொண்டு, விளக்குப் போடும்வரை போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு என்னோடு இவ்வளவு நேரம் சண்டை போட யாரும் வரவில்லையடா. வியாழக்கிழமை சொத்தைப் பல்லைக் காசில்லாமல் எடுக்கிறார். ஊசிக்கு முன்னால் அரை மணி நேரம் நான் மட்டும்தான் பேசுவேன் என்று ஒப்பந்தம்.