மேஜரைத் திருப்பிக் கேட்டு ஒரு விண்ணப்பம்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்,
வியாழக்கிழமை காலை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை பாண்டிச்செல்வம் அவர்களுக்கு, தங்கள் அக்காள் வெங்கடேஸ்வரியைக் கைப்பிடித்தவனும், ஓய்வுபெற்ற ஹவில்தாருமாகிய சங்கையா எழுதிக்கொண்டது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகமாக இருக்கிறோம். கூமாப்பட்டியில் தாங்களும் தங்கச்சி காளீஸ்வரியும் தோப்பும் மோட்டாரும் சுகமாக இருக்கும் செய்தியைத் தங்கச்சி தினமும் போனில் தங்கள் அக்காளிடம் சொல்லிவிடுகிறது. என்றாலும் முறை என்று ஒன்று இருப்பதால் நானும் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் நல்ல செய்தி சொன்னாலே அதட்டுகிற மாதிரி இருக்கிறதாம், தங்கள் அக்காள் சொல்கிறாள். இது மன்னிப்புக் கேட்கிற விஷயம். அதட்டி மன்னிப்புக் கேட்க முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன்.

விஷயம் நம் மேஜர் நாயைப் பற்றியது. பத்தே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று குட்டியானைச் சரக்கு வண்டி வைத்துத் தங்களிடமிருந்து இரவல் வாங்கி வந்தேனே, இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. இரவல் வாங்கிய காரணத்தை அன்று அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. மதுரையில் ஒரு பிராணிகள் நலச் சங்கம் குறும்படப் போட்டி வைத்திருக்கிறது. ‘பொறுப்போடு செல்லப்பிராணி வளர்ப்போம்’ என்பது தலைப்பு, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. எங்கள் காலை நடைக் குழுவில் அந்த நோட்டீஸை வாசித்துவிட்டு, நம்மில் நாய் வளர்த்த அனுபவம் யாருக்கு இருக்கிறது என்று நானே கேட்டு நானே கையைத் தூக்கினேன். கதை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது, விழாவிட்டாலும் நான் எடுத்திருப்பேன். பதினான்கு பக்கம் எழுதினேன். ஒருத்தன் பெருமைக்காக ஒரு ராஜபாளையம் குட்டி வாங்குகிறான், கொஞ்ச நாளில் சலித்துப்போய் வேறு ஊரில் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறான், கடைசியில் திருந்தித் தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், அது ஓடி வந்து அவன் மேல் பாய்கிறது, முற்றும். தங்கள் அக்காளுக்கு முழுவதையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, “இது நம்ம கததான?” என்றாள். எழுதுகிறவனுக்கு வீட்டில் மரியாதை கிடைக்காது என்று எழுந்து வந்துவிட்டேன்.

படம் பிடிக்க ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் எட்வின் தம்பியை ஏற்பாடு செய்தோம். நல்ல பிள்ளை, ஆனால் எதைப் பார்த்தாலும் தாலி கட்டுகிற நேரம் மாதிரியே பரபரப்பான். முதல் கூட்டத்திலேயே சிக்கல் வந்தது. நாயைக் கைவிடுகிற அந்தப் பாவி வேஷத்துக்கு ஆள் இல்லை. குழுவில் ஒருத்தர் ஊர்ப் பெரியவராக மட்டும்தான் நடிப்பேன் என்கிறார், இன்னொருத்தர் பேரப்பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைக்கும் என்கிறார். நான் டாக்டர் வேஷத்தை எனக்காகவே எழுதி வைத்திருந்தேன், கடைசியில் வந்து ஒன்றரைப் பக்கம் அறிவுரை சொல்லுவார். மூன்று கூட்டம் போட்டும் பாவி கிடைக்கவில்லை. அப்போது எட்வின் கேமராக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “சார், நீங்களே செஞ்சிருங்களேன். மொகம் அப்படியே பொருந்துது,” என்றான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைய கூட்டத்தைக் கலைத்துவிட்டேன். அந்தக் கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, மாப்ள.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும், அப்போதுதான் விளங்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் குட்டி பார்க்கப் போனேன். தாயோடு ஆறு குட்டிகள் இருந்தன. பட்டாளத்துக்காரன் எப்படிப் பொறுக்குவான்? அந்த வீட்டம்மாவிடம் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கேட்டு வாங்கி, குட்டிகளுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் நெஞ்சு உயரத்திலிருந்து போட்டேன். அது விழுந்து சுற்றி ஓய்வதற்குள் ஐந்து குட்டி அடித்துப் பிடித்துத் தாய்க்கு அடியில் போய்விட்டது. ஒன்று மட்டும், பால் மாதிரி முழு வெள்ளை, தலையை மட்டும் மெதுவாகத் திருப்பித் தரையைப் பார்த்துவிட்டு மறுபடி தன் பாட்டுக்கு என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. இதுதான்டா வீரன் என்று தூக்கிக்கொண்டேன். அந்தம்மா, “அது வேண்டாம் சார், வேற எடுத்துக்கிடுங்க,” என்று இரண்டு தடவை சொன்னது. நல்ல குட்டியைத் தாங்களே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இருபத்துநாலு வருஷம் மேஜர்களுக்கு சல்யூட் அடித்தவன், ஒரு மேஜரையாவது அதட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெயரை வைத்தேன். வந்த ஒரு மாதத்தில் தங்கள் அக்காள் அவனைப் பற்றி ஏதோ குறை சொல்ல வந்தாள். நான் பேசவே விடவில்லை.

பொறவு அதட்டலோ அதட்டல். தாங்கள் அறிவீர்கள், பரேடு மைதானத்தில் நான் ‘சாவ்தான்’ என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்காரன் விறைத்து நிற்பான். இந்த மேஜரோ சில நாள் உட்கார் என்றால் உட்காருவான், சில நாள் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டான். கொழுப்பு என்று முடிவு கட்டினேன். கொழுப்பைக் குறைக்க ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினேன், வெயிலில் கட்டிப்போட்டேன். பெல்ட்டால் ஒரு தடவை அடித்தேன் என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை. ஒரு தடவை இல்லை, மாப்ள, பல தடவை. ஏன் அடிக்கிறான் என்று அதற்குத் தெரியாது. என் கைக்குப் பின்னால் என்ன சத்தம் வருகிறது என்றே தெரியாமல் அம்புட்டையும் வாங்கிக்கொண்டு, மறுபடி வந்து என் கால்மாட்டில்தான் படுக்கும்.

ஒரு நாள் என் பழைய சுபேதார் சாகிப் வீட்டுக்கு வந்தார். அவர் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்று, மேஜர், சலாம் போடு என்றேன். அவன் ஒரு கொட்டாவி விட்டான், எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தான். சாகிப் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வாரமே, தோப்புக் காவலுக்கு ஒரு நாய் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தாங்களும் தற்செயலாகப் போன் பண்ணிக் கேட்டீர்கள். சனியன் ஒழிந்தது என்று அடுத்த நாளே ஏற்றி அனுப்பினேன். போகும்போது அவன் வண்டிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டு போனான். நான் கூப்பிடுவேன் என்று பார்த்தானோ என்னவோ, அது இரண்டு வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லை.

போன திங்கட்கிழமை எங்கள் தெருவில் ரிகர்சல். பாவிக்கு ஆள் கிடைக்காததால் கூப்பிடுகிற காட்சிக்கு மட்டும் நானே நின்றேன். மேஜர் எங்கள் வாசலில் வடக்கே பார்த்துப் படுத்திருந்தான். வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் பார்த்துத்தான் படுக்கிறான், சரியாகக் காவல் காக்கிறான் என்று நானும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். எட்வின் ஆக்‌ஷன் என்றான். தெருமுனையிலிருந்து, மனம் திருந்தியவன் குரலில், “மேஜர்” என்றேன். பதினாலு தடவை கூப்பிட்டேன். ஒரு ஷேர் ஆட்டோ நின்றது, டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், மாடியில் துணி காயப்போட்ட அம்மா என்னய்யா என்று எட்டிப் பார்த்தது. நாயைத் தவிர எல்லோரும் வந்தார்கள். அந்நேரம் பார்த்துக் கோயில் பக்கம் யாரோ வேட்டுப் போட்டார்கள். தெருநாய்கள் சிதறின, எட்வின் கேமராவோடு குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான், உண்மையைச் சொன்னால் நானும் குனிந்துவிட்டேன். மேஜர் காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். பார்த்தியா தம்பி, இதுதான் வீரன் என்றேன். எட்வின் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மெதுவாகப் போய், மேஜரின் தலைக்குப் பின்னால் ஒரு முழத்தில் நின்று, இரண்டு கையையும் பலமாகத் தட்டினான். பிறகு க்ளாப் பலகையை அடித்தான். பிறகு விசிலடித்தான். அப்புறம் என்னிடம் வந்து, தெருவுக்குக் கேட்காத குரலில், “சார், இவனுக்குக் காது கேக்காது சார்,” என்றான்.

நான் நம்பவில்லை. அவனையும் திட்டிவிட்டு நேரே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பிறவியிலேயே செவிடு, முழு வெள்ளையில் சில குட்டிகளுக்கு இப்படி வரும், கையை அசைத்துக் காட்டினாலும் தரை அதிர்ந்தாலும் புரிந்துகொள்வான் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. விரலை நீட்டி அதட்டிய நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறான், கையைப் பின்னால் கட்டிய நாளெல்லாம் உதை வாங்கியிருக்கிறான். டாக்டர், “வளக்குறவங்களுக்கு மொத மாசமே தெரிஞ்சிருமே, உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?” என்று கேட்டார். என் சட்டைப் பையில் அவருக்கு எழுதி வைத்திருந்த அழைப்பு இருந்தது, எங்கள் படத்தில் பொறுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று. அதை வெளியில் எடுக்கவில்லை. எத்தனையோ பேரை மைதானத்தில் தலைகுனிய வைத்திருக்கிறேன், ஒரு நாய்க்கு முன்னால் நான் குனிந்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினேன். மேஜர் திரும்பினான். எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்து நின்றான். நான் கூப்பிட்டு அவன் வந்தது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன் என்று எழுதினால் தாங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை, அழுதேன். அதனால், மாப்பிள்ளை, இந்த விண்ணப்பம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது நம் வகையறாவில் இல்லாத பழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவனை என்னிடமே விட்டுவிடுங்கள். தோப்புக் காவலுக்கு நன்றாகக் காது கேட்கிற நாயாக ஒன்று நானே தேடித் தருகிறேன். பெல்ட்டைப் பரண்மேல் போட்டுவிட்டேன். பால்கோவா கொடுப்பதை டாக்டர் சொல்லி நிறுத்திவிட்டேன். மூன்று நாளில் ஏழு கைச்சாடை பழகியிருக்கிறோம், அதில் நாலு நான் அவனிடம் கற்றது. செய்த பாவத்தை அவன் கண் முன்னாலேயே கழிக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அவனுக்கும் பழைய எசமானோடு இருப்பதுதான் பிரியமாக இருக்கும்.

தோப்பில் ஒரு குலைகூடச் சோடை போகாமலும், மோட்டார் காயில் கம்பி கருகாமலும், தங்கச்சிக்கு இடுப்புவலி விட்டுப்போகவும் மடவார் வளாகத்து வைத்தியநாதசுவாமி பார்த்துக்கொள்ளட்டும். தாங்கள் ‘சரி மச்சான்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

இப்படிக்கு, தங்கள் பதிலுக்கு வாசலில் நிற்கும்,
சங்கையா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தங்கச்சி காளீஸ்வரியிடமிருந்து போன். உங்க அக்கா குளித்துக்கொண்டிருந்ததால் நானே எடுத்து, குரலை எம்புட்டு இறக்க முடியுமோ அம்புட்டு இறக்கி, மேஜர் செவிடு என்கிற செய்தியைச் சொன்னேன். “அண்ணே, அது அவன் இங்க வரும்போதே எங்களுக்குத் தெரியுமே. மதினிதான் சொல்லி அனுப்புச்சு. தரையத் தட்டுனா எங்க இருந்தாலும் வந்துருவான். தோப்புல இவுக நெதமும் மம்பட்டியத் தரையில ரெண்டு குத்துக் குத்துவாக, ஓடியாந்து மேல பாய்வான்,” என்றது. உங்க அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் கேட்டேன். அவள் கோபப்படக்கூட இல்லை. “வந்த மாசமே சொல்ல வந்தேன். என் நாயக் கொற சொல்லாதன்னு அதட்டுனிய. பொறவு நீங்க அடிக்கிறதப் பாக்க முடியல. அதான் தோப்புக் காவலுக்குன்னு கேக்கச் சொல்லி தம்பிக்குப் போன் போட்டேன்,” என்றாள். நாயை ஊரைவிட்டு அனுப்பியது நான் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடமிருந்து அதைத் தப்பவைத்து அனுப்பியிருக்கிறாள்.

கடிதத்தை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். அவன் வடக்கே பார்த்துப் படுத்திருந்தான். வடக்கேதான் கூமாப்பட்டி, இது பதினாறு நாளில் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானையில் மேஜரை நானே கொண்டுவாரேன், கடிதத்தையும் கையிலேயே கொண்டுவாரேன். எட்வினிடம் பேசிவிட்டேன், பாவி வேஷத்தை நானே செய்கிறேன், மேக்கப் தேவைப்படாது என்று அவனும் ஒத்துக்கொண்டான். கடைசிக் காட்சியை மட்டும் உங்கள் தோப்பில் எடுக்க அனுமதி வேண்டும். கதையையும் மாற்றிவிட்டேன், அந்தப் பாவி பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். தோப்பு வாசலில் நின்று காலால் இரண்டு தட்டுத் தட்டுவான், அம்புட்டுத்தான். நாய் வந்தால் எட்வின் எடுத்துக்கொள்ளட்டும், வராவிட்டால் அதையும் எடுத்துக்கொள்ளட்டும். நீங்க மட்டும் அந்நேரம் மம்பட்டியை எடுக்காமல் இருங்க, மாப்ள.