உறை உரிக்காதவர்

உலகில் ஓர் இனம் உண்டு. எதை வாங்கினாலும் மேலுறையை உரிக்காத இனம். ஈப்போவில் இவர்கள் இல்லாத குடியிருப்புத் தாமான் ஒன்றைக் காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். இவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் முதுகு ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் 'பர்ர்' என்று மானம் போகும், ரிமோட்டின் எண்கள் பிளாஸ்டிக்குக்குள் மங்கிக் கிடக்கும், காரின் இருக்கைகளோ கடையில் போட்ட கவரோடுதான் அடுத்தவருக்குக் கைமாறும். ஏன் என்று கேளுங்கள். "புதுசு லா" என்பார்கள். எப்போது பழசாகும்? அதைக் கேட்கக் கூடாது.

செமோரில், ரப்பர்த் தோட்டம் தாமானாகிவிட்ட இடத்தில் குடியிருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் தர்மேந்திரன் இந்த இனத்தின் தலைவர். அவர் கார் கொட்டகைக் கூரையில் ஓர் ஆராய்ச்சிக் குழு சோதனைக்காகப் புதுவகை சோலார் பேனலைப் பொருத்தியது. பெரோவ்ஸ்கைட் என்று பெயர். வெயிலை நன்றாகக் குடிக்கும். வயிற்றில் மட்டும் கொஞ்சம் ஈயம். கண்ணாடி உடைந்து மழை இறங்கினால் அந்த நஞ்சு கரைந்து ஒழுகும். அதைப் பிடித்து நிறுத்தவே மேலே ஒரு படலம் ஒட்டியிருந்தார்கள்.

"அண்ணே, இத மட்டும் உரிச்சிராதீங்க" என்றார் பொருத்த வந்த சுரேன்.

"என்கிட்டயா சொல்ற? இந்த வீட்டுல நான் எதயாச்சும் உரிச்சிருக்கேனா?"

சுரேன் சோபாவைப் பார்த்தார். நம்பிப் போய்விட்டார்.

மறுவாரமே தர்மேந்திரன் ஏணியில் நின்றார். படலம் தடிமனாக, பளபளவென்று இருந்தது. இவ்வளவு நல்ல பிளாஸ்டிக்கை வெயிலிலும் மழையிலும் நாசமாக விடுவதா? மனம் பொறுக்கவில்லை. பதமாக உரித்து எடுத்துவந்து சாப்பாட்டு மேசை உறையின் மேல் விரித்தார். மிச்சத்தில் ரிமோட்டுக்கு இரண்டாவது சட்டை.

பிறகு ஒரு சாயங்காலம் பின்வீட்டு மரத்து டுரியான் பழம், கண்ணாடி நொறுங்க, பேனலின் மேலேயே விழுந்தது. தொடர்ந்து, ஈப்போ வழக்கப்படி, மழையும் விழுந்தது.

"ஏங்க, கூரைத் தண்ணி அந்தத் தோம்புத் தொட்டியிலதான விழுது? அதத்தான நான் கீரைக்கு ஊத்துறேன்?" என்றார் அவர் மனைவி குமுதா. அந்தக் கீரையைத்தான் அவர்களுடைய இரண்டு வயதுப் பேத்திக்குத் தினமும் சோற்றில் பிசைந்து ஊட்டுவார்.

தர்மேந்திரன் சுரேனுக்குப் போன் போட்டார்.

"பயப்படாதீங்கண்ணே, மேல படலம் இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் தர்மேந்திரன், சாப்பாட்டு மேசையைப் பார்த்தபடி.

குமுதா போனைப் பிடுங்கி உண்மையைச் சொன்னார். ஆட்கள் வந்து பேனலைத் தார்ப்பாய் போட்டு மூடி, இறக்கிக் கொண்டுபோனார்கள். தண்ணீர்த் தோம்பு போனது. கீரைப் பாத்தி மண்ணோடு போனது. குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்கே சோறு இறங்கவில்லை. நல்ல வேளை, ஒன்றுமில்லை.

அந்த மழையில் ஈயத்திடமிருந்து முழுப் பாதுகாப்போடு இருந்தது அந்த வீட்டில் ஒன்றுதான்: டிவி ரிமோட்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். புது ஹெல்மெட்டில் கீறல் விழக் கூடாதென்று அதை அலமாரியில் வைத்துவிட்டு, வார் அறுந்த பழையதை மாட்டிக்கொண்டு இன்று காலை பசாருக்குப் போனது யார்?