பொட்டல்விளை ஏரி உருவான வரலாறு

பந்தல்காரர் ஒருவர் தம் தார்ப்பாய்களைத் துவைத்துக் காயப்போடுவது இந்த நாட்டின் எந்தச் சட்டப்படியும் குற்றமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் சங்கதிகளைப் படிக்கும்போது, தங்கதுரை ஏதோ பெரிய தப்பு பண்ணிவிட்டுத்தான் மாட்டிக்கொண்டார் என்று உங்களுக்கே தோன்றும். நம் ஜனங்களுக்கு நோட்டீஸ் வாங்கியவனைக் கண்டால் அப்படித்தான் தோன்றும்.

தூத்துக்குடியின் கட்டடங்கள் முடிந்து உடைமரங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது பொட்டல்விளை. அங்கே தங்கதுரைக்கு ஒரு வீடு, அதை ஒட்டிப் பந்தல் சாமான் குடோன், பக்கத்தில் கொஞ்சம் காலி மனை. ஊர் ஊராகக் கம்பு ஊன்றிச் சேர்த்த சொத்து அவ்வளவுதான். வேறு வருமானமும் இல்லை, போக வேறு இடமும் இல்லை.

சித்திரைக் கொடைத் திருவிழாக்கள் முடிந்து தார்ப்பாய்கள் திரும்பி வந்திருந்தன. அம்மன் கோயில் கொடைக்குப் போய்விட்டு வருகிற தார்ப்பாயில் சாம்பார் இருக்கும், சந்தனம் இருக்கும், யாரோ துப்பிய வெற்றிலைச் சாறும் இருக்கும். தங்கதுரை எல்லாவற்றையும் சோப்பு போட்டுத் தேய்த்து, மொட்டைமாடி, குடோன் கூரை, காலி மனை என்று இடைவெளி இல்லாமல் விரித்தார். மூலைக்கு மூலை கல் வைத்தார். வடகிழக்கு மூலை மட்டும் காற்றில் மடங்கிக்கொண்டது. அத்தனையும் நீல நிறம். மொத்தமாக வாங்கும்போது நீலந்தான் மலிவாகக் கிடைத்தது.

அந்த நேரம் வானத்தில் ஒரு செயற்கைக்கோள் போனது. அது தன் வேலையைப் பார்த்தது, தங்கதுரை தன் வேலையைப் பார்த்தார். இருவருக்கும் இடையே அப்போது எந்த மனஸ்தாபமும் இல்லை.

கைப்பேசி வரைபடத்தில் அந்தச் சமயம் புதிய வசதிகள் வந்திருந்தன. வானத்திலிருந்து எடுக்கிற படங்களை இனி மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டாம்; இயந்திர மூளையே பார்த்து, இது வீடு, இது ரோடு, இது நீர்நிலை என்று முடிவு செய்துகொள்ளும். நீர்நிலை என்று முடிவு செய்துவிட்டால், பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக அதில் அலையும் அடிக்க வைக்கும்.

முதலில் வந்தவன் ஜெஸ்டின். கடற்கரைப் பையன், வீட்டு வாசலில் இறங்கினால் கடல். அப்பேர்ப்பட்டவன் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பைக்கில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஏரிக்கு எங்கன போகணும்?"

"எந்த ஏரிலே?"

ஜெஸ்டின் பதில் சொல்வதற்குள் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்குரல், "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது.

தங்கதுரை அவன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். அவர் வீடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஓரமும் ரம்பத்தால் அறுத்தமாதிரி நேராக ஒரு ஏரி. அதில் அலை அடித்தது. பார்த்துவிட்டு வந்ததாக நாலு பேர் எழுதி, நட்சத்திரமும் போட்டிருந்தார்கள். "காலை நேரப் பனிமூட்டம் அருமை" என்று ஒருவர் எழுதியிருந்தார். பொட்டல்விளையில் பனிமூட்டத்தைக் கண்டவர் அவர் ஒருவர்தான்.

தங்கதுரை சிரித்தார். மனைவி இசக்கிசெல்வியைக் கூப்பிட்டுக் காட்டினார், அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் நோட்டீஸ் வந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. நீர்நிலைகள் மின்னணு மீட்புப் பிரிவின் சிறப்பு அலுவலர் நேசக்குமார் கையெழுத்திட்டிருந்தார். மேற்படி நீர்நிலையின் மையப்பகுதியில் வீடும் குடோனும் கட்டி ஆக்கிரமித்துள்ளமையால், அவற்றை ஏன் இடிக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்.

தங்கதுரை பத்திரங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினார்.

"சார், அது கொளம் இல்ல. என் தார்ப்பாய்."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் நேசக்குமார். அவர் கோபக்காரர் இல்லை. கோபக்காரராக இருந்திருந்தால் கொஞ்சம் நம்பிக்கைக்கு இடமிருந்திருக்கும்.

"நாந்தான சார் தொவைச்சுப் போட்டேன்."

"தொவைச்சதுக்கு ஆதாரம்?"

"தார்ப்பாய் சுத்தமா இருக்கே சார்."

"குளத்துல கிடந்தா எதுவும் சுத்தமாத்தான் இருக்கும்." நேசக்குமார் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. அலை அடிக்குதா இல்லையா? தார்ப்பாய்ல அலை அடிக்குமா?"

தங்கதுரை பார்த்தார். அடிக்கத்தான் செய்தது.

"பத்திரம் இருக்கு சார். பட்டா இருக்கு. எங்கய்யா காலத்துல இருந்து அது பொட்டல்."

"அண்ணாச்சி, உங்க பத்திரம் எப்ப எடுத்தது? அப்பல்லாம் கீழே நின்னு பார்த்து எழுதினாங்க. இது மேலே இருந்து எடுத்தது. மேலே இருந்து வர்றதை நாங்க கேள்வி கேட்க முடியாது."

"ஒரு தடவை நேர்ல வந்து பாத்துருங்க சார். கும்பிட்டுக் கேக்கேன்."

"கண்டிப்பா வருவோம். கள ஆய்வு கட்டாயம். ஆனா ஒண்ணு. களமும் வரைபடமும் ஒத்துவரலைன்னா களத்தைத்தான் திருத்தணும். அதுக்குத்தான் மீட்புன்னு பேரு."

சொன்னபடி வந்தார்கள். நேசக்குமாரும் கணினி இயக்குபவரான ஜெபிஷாவும் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். நீர்நிலை ஆய்வுக்கு அது விதி. வாசலில் நேசக்குமார் ஷூவைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்தபடி அடிமேல் அடிவைத்து முற்றத்துக்கு வந்தார்.

"இப்ப நான் எங்க நிக்கிறேன்?"

"எங்க வீட்டு முத்தத்துல சார்."

"இல்ல." நேசக்குமார் கைப்பேசியை நீட்டினார். அவர் நிற்கிற இடத்தைக் காட்டும் புள்ளி ஏரியின் நட்டநடுவில் மிதந்தது. "ஆழமான பகுதி. ஜெபிஷா, நீங்க வர வேண்டாம்."

இசக்கிசெல்வி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தாள். வெயில் அப்படி. நேசக்குமாருக்கும் நாக்கு வறண்டிருந்தது. ஆனால் நீர்நிலைக்குள் வைத்து ஆக்கிரமிப்பாளரிடம் எதையும் வாங்கிக் குடிப்பது முறையல்ல என்று, கேட்டுக்கு வெளியே வந்து, அதாவது கரைக்கு வந்து, அங்கே நின்று குடித்தார்.

அறிக்கை இப்படி இருந்தது: "மேற்படி ஏரியில் தற்சமயம் நீர் காணப்படவில்லை. ஆக்கிரமிப்பாளர் நீரையும் அதிலிருந்த மீன்வளத்தையும் அப்புறப்படுத்தியிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. வடகிழக்கு மூலையில் இயற்கையாய் அமைந்துள்ள சிறு விரிகுடா போற்றிப் பாதுகாக்கத் தக்கது." காற்றில் மடங்கிய மூலைதான் அது.

தங்கதுரைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டின் சுவரைச் சும்மா சும்மா தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆடி கழிந்ததும் இடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மங்கல காரியம் என்று நினைத்தார்களோ என்னவோ.

வரைபடத்திலேயே 'தவறைத் திருத்துக' என்று ஒரு பொத்தான் இருப்பதாக யாரோ சொன்னார்கள். தங்கதுரை அதை அழுத்தினார். உடனே பதில் வந்தது. அவருடைய அக்கறைக்கு நன்றி; இங்கே ஏரி உண்டா இல்லையா என்று அக்கம்பக்கத்தார் வாக்களிக்க வேண்டும். தங்கதுரைக்கு உயிர் வந்தது. தெருவே அவர் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட தெரு.

முடிவு வந்தபோது ஏரி அமோக வெற்றி பெற்றிருந்தது.

தங்கதுரை பக்கத்து வீட்டுக் கிருபாபாய் டீச்சரிடம் ஓடினார். டீச்சர் வீட்டு வாசலில் 'லேக் வியூ இல்லம்' என்று புதிதாகக் கிரானைட் பலகை பதித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், ஒங்க மக கல்யாணத்துக்கு நாந்தான பந்தல் போட்டேன். அந்த மனையில கொளம் இருக்கா, சொல்லுங்க."

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. ஏரி இருக்குன்னு ஆனதும் மாடி வீட்டுக்கு எப்படி ஆள் வருது தெரியுமா? பார்க்க வந்தவங்க ஜன்னலைத் திறந்து, 'ஏரி எங்கே?'ன்னாங்க. கைப்பேசியைக் காட்டினேன். 'ஆமா, அருமையா இருக்கு'ன்னுட்டு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க."

எதிர்வீட்டு மனைத் தரகர் வெள்ளத்துரை, 'ஏரிக்கரை நகர்' என்று நோட்டீசே அடித்துவிட்டிருந்தார். இதெல்லாம் போகட்டும். தம் வீட்டுக்குள்ளேயே ஒரு வாக்கு ஏரிக்கு விழுந்திருப்பதைத் தங்கதுரை அன்று சாயங்காலந்தான் கண்டுபிடித்தார்.

"ஏளா, நீயுமா?"

"கயத்தாத்துல இருந்து எங்கக்கா போன் பண்ணுனா," என்றாள் இசக்கிசெல்வி. "'ஒங்க வீட்டுப் பக்கம் ஏரி வந்துருக்காமேளா'ன்னு கேட்டா. என்னிக்காவது அவ எங்கிட்ட இப்படி ஆசையாக் கேட்டுருக்காளா? நான் எப்படிங்க இல்லன்னு சொல்லுவேன்?"

ஆவணி பிறந்ததும் தங்கதுரை கடைசியாக ஒருமுறை அலுவலகத்துக்குப் போனார். நேசக்குமார் புல்டோசருக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது மாடிப்படியில் ஜெபிஷா அவரை மறித்தாள்.

"அண்ணாச்சி, ஒரு ஐடியா சொல்லுதேன், நான் சொன்னேன்னு சொல்லிராதீய. எங்க பிரிவுக்குச் சின்ன நீர்நிலைகதான். ஏரி பெருசா இருந்தா ஃபைல் பெரு நீர்நிலைப் பிரிவுக்குப் போயிரும். அங்க போஸ்ட் வேகண்ட். போன ஃபைல் எதுவும் திரும்பி வந்ததில்ல."

"ஏரி எப்படிம்மா பெருசாகும்?"

ஜெபிஷா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்ககிட்ட இன்னும் தார்ப்பாய் இல்லியா அண்ணாச்சி?"

தங்கதுரைக்கு வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக எதுவும் புரிந்ததில்லை. இடிக்கிற தேதிக்குக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாசம் வாய்தா வாங்கினார். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, தார்ப்பாயெல்லாம் சும்மா கிடந்தது. முதலில் தம் மனையைச் சுற்றித்தான் விரித்தார். ஆனால் தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஏரியை எங்க வாசல் வரைக்கும் கொண்டாந்துருங்க," என்றார் டீச்சர். "லேக் வியூன்னு போட்டுட்டுத் தள்ளி இருந்தா நல்லாவா இருக்கு?"

டீச்சர் மாடியில் விரித்ததும் வெள்ளத்துரைக்குக் கோபம் வந்தது. "என்ன அண்ணாச்சி, அங்கன மட்டும் போடுதீய? நான் மனுசன் இல்லியா? என் பிளாட் அம்புட்டுக்கும் போடுங்க." அடுத்த வீட்டுக்காரருக்கு அதைவிடக் கோபம் வந்தது. ஏரி தன்னைத் தாண்டிப் போய்விடுமோ என்று ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பயம். இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய தங்கதுரை, கூட்டத்தைப் பார்த்ததும் வாடகைக்கு மாறினார். கைச்சரக்கு போதாமல் ஓட்டப்பிடாரத்திலிருந்தும் ஆழ்வார்திருநகரியிலிருந்தும் லாரி வைத்துத் தார்ப்பாய் இறக்கினார். கொடைக்காலத்தில்கூட அப்படி வியாபாரம் பார்த்ததில்லை. பொட்டல்விளையில் ஒரு கூரை பாக்கியில்லாமல் நீலமாயிற்று. கரை என்பது ஏரிக்கு வெளியே இருக்கவேண்டிய சமாச்சாரம் என்பது அந்த உற்சாகத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

செயற்கைக்கோள் வந்தது. படம் மாறியது. பொட்டல்விளை இருந்த இடத்தில் இப்போது பெரிய ஏரி, பெரிய அலை. ஓரத்தில் வாத்துகூடப் பறந்தது. அது அந்த மாதப் புதிய வசதி. கோப்பு வேகண்ட் நாற்காலிக்குப் போயிற்று. ஏரியை மீட்டதோடு நில்லாமல் பல மடங்கு பெருக்கியதற்காக நேசக்குமாருக்குப் பாராட்டுச் சான்றிதழும், அந்த வேகண்ட் நாற்காலியின் கூடுதல் பொறுப்பும் கொடுத்தார்கள். தங்கதுரை திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. விடாமல் கொட்டியது. மேற்கே குளங்கள் உடைந்து தண்ணீர் புறப்பட்டது. வழக்கமாகப் போகிற ஓடையைத் தேடியது. அங்கே பிளாட் போட்டிருந்தது. பிறகு வரைபடத்தைப் பார்த்ததோ என்னவோ, நேராகப் பொட்டல்விளைக்குள் வந்துவிட்டது. விடிந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். குடோனிலிருந்து அண்டாக்கள் மிதந்து வெளியே போயின. கிருபாபாய் டீச்சர் ஜன்னலைத் திறந்தார். ஏரி உள்ளே வந்தது.

தங்கதுரை வெள்ள உதவி எண்ணுக்குப் போன் பண்ணினார். இருக்கிற இடத்தை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார்.

"சார், நீங்க அனுப்பினது ஏரி," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"ஆமா தாயி, அந்த ஏரிக்குள்ளதான் தெருவே நிக்கோம். தண்ணி ஏறிக்கிட்டே வருது."

"ஏரியில தண்ணி இருக்கிறது வெள்ளக் கணக்குல வராதே சார்."

அன்று மத்தியானம் ஒரு படகு வந்தது. தெருவே இறங்கித் தண்ணீரில் நடந்து, கையை ஆட்டிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு அதை நோக்கிப் போயிற்று. படகில் மைக் இருந்தது, கூடை கூடையாகப் பூ இருந்தது, மிதவைச் சட்டையில் நேசக்குமார் இருந்தார், நடுநாயகமாக ஒரு பெரிய அதிகாரி இருந்தார். பொட்டல்விளைப் பெரிய ஏரி முதன்முறையாக முழுக் கொள்ளளவை எட்டியதை முன்னிட்டு மலர் தூவ வந்திருந்தார்கள்.

"சார், காப்பாத்துங்க சார்! பிள்ளைக மாடியில நிக்கி!" என்று கத்தினார் தங்கதுரை. முதல் கைப்பிடி சாமந்தி அவர் மொட்டைத் தலையில் விழுந்தது.

பெரிய அதிகாரி குனிந்து பார்த்தார். "யாருப்பா இவங்க? ஏரிக்குள்ள குடியிருப்பு ஏதும் கிடையாதுன்னுதானே ரெக்கார்ட்?"

"கிடையாது சார்," என்றார் நேசக்குமார். பிறகு மைக்கை எடுத்து, தண்ணீரில் நின்ற ஜனங்களைப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார். "ஏரிக்குள்ள யாராவது வீடு வச்சிருக்கீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க. கூட்டிட்டுப் போய் முகாம்ல தங்க வைப்போம். தண்ணி வடிஞ்சதும் வந்து வீட்டை இடிச்சிருவோம்."

அத்தனை நேரம் ஆடிக்கொண்டிருந்த கைகளெல்லாம் கீழே இறங்கின. டீச்சர் வெள்ளத்துரையைப் பார்த்தார், வெள்ளத்துரை தங்கதுரையைப் பார்த்தார். தங்கதுரை தம் வீட்டைப் பார்த்தார்.

"வீடா? இங்கனயா?" என்றார். "நாங்க சும்மா குளிக்க வந்தோம் சார்."

"ஆமா சார், குளிக்க வந்தோம்," என்றது தெரு.

"அப்ப சரி. ஆழத்துக்குப் போகாம பத்திரமாக் குளிங்க," என்றார் நேசக்குமார்.

படகு ஆட்களைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. பெரிய அதிகாரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று இசக்கிசெல்வி டீச்சர் முதுகைத் தேய்த்துவிட்டாள். வெள்ளத்துரை கொஞ்சம் நீந்திக் காட்டினார். தங்கதுரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு முங்கினார்.