ஆரணியையே நகரச் சொன்னவள்

ஆரணியில் அவள் நகரச் சொல்லாத ஆளே கிடையாது. மனுஷரை மட்டுமா? மாட்டை, மினி லாரியை, ஊர்வலம் வந்த கல்யாண மாப்பிள்ளையை, ஒரு தடவை மேகத்தை. எல்லாரிடமும் அவளுக்கு ஒரே பேச்சுதான்: "கொஞ்சம் நகருங்க." சொன்னதும் அவர்கள் நகர்ந்தார்கள் பாருங்கள், அதுதான் அதிசயம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. எங்கள் தெருவில் அவள் பேர் நகரு. கூரியர் கொண்டுவருகிற பையன்கூட, "நகரு வீட்ல கீறாங்களா?" என்றுதான் கேட்பான்.

நான் மார்க்கெட் முனையில் பூ விற்கிறவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம் கூடையை எங்கே வைத்தேனோ, இன்றைக்கும் அங்கேதான் வைத்திருக்கிறேன். ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் என் கூடையைச் சுற்றித் தார் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஓட்டுக் கேட்க வந்த பெரிய மனிதரின் கார் ஹாரன் அடித்து அடித்துத் தொண்டை கட்டிப்போனது. நான் பாட்டுக்கு மல்லியை முழம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பேர்ப்பட்ட என்னை, என் சொந்த வீட்டில், குடிவந்த அன்றைக்கே நகரச் சொன்னவள் இவள்.

மாடி அறை காலியாக இருந்தது. களம்பூரில் அரிசி மில்லுக்கு லாரி ஓட்டுகிற அவள் அப்பா, அவளையும் சாமானையும் லாரியிலேயே கொண்டுவந்து இறக்கினார். ஒரு பெட்டி, ஒரு பாய், கழுத்தில் கேமரா, கையில் பெரிய வெள்ளைக் குடை.

"மழைக்காலம் இன்னும் வரலியே, குடை என்னாத்துக்கு?" என்றேன்.

"மழைக்கு இல்ல ஆயா, வெளிச்சத்துக்கு."

லாரிக்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்துக்கோங்கம்மா. களம்பூர் இதோ கீது, பஸ்ல வந்து போலாம். காலை வெயில் பஸ்ஸுக்காக நிக்காதாம். அதுக்கு ஒரு ரூமு!"

அவர் போனபிறகு கேட்டேன். "என்னாம்மா படிக்கிற?"

"வேலூர் காலேஜ்ல, பாட்டுக்குப் படம் போடற படிப்பு ஆயா."

"சினிமாவா?"

"அது இல்ல. செல்லுல பாட்டு போட்டா முன்னாடி ஒரு படம் வருதுல்ல? கச்சேரி போஸ்டர், பாட்டு ஓடறப்ப பின்னால வர்ற படம், எழுத்து, கலர், எல்லாம் சொல்லித் தராங்க. போட்டோவும் நாமளே எடுக்கணும். அதுக்குத்தான் ஆரணி, காலேஜுக்கு இங்கேர்ந்து பஸ்ல போய்க்குவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டுக்கு எதுக்குடி படம்? காது பத்தாதா?"

அவள் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள். பிறகு, "ஆயா, கொஞ்சம் நகருங்க. உங்க பின்னால ஜன்னல் சூப்பரா கீது" என்றாள்.

நான் நகர்ந்துவிட்டேன். எப்படி நகர்ந்தேன் என்று அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கே விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு நிம்மதி போயிற்று. நெசவாளர் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பார்கள். அந்த நேரத்தில் சைக்கிள்கூடப் பயந்து ஒதுங்கித்தான் போகும். நகரு என்ன செய்தாள் தெரியுமா? அந்த இழைகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கேமராவை வானத்தைப் பார்த்து வைத்துவிட்டாள். பாவுக்காரர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏ பொண்ணு! பாவுக்கு அடியில படுத்துகினு என்னா பண்ற?"

"அண்ணா, வெயில் பட்டு நூலு பூரா வீணைக் கம்பி மாரி மின்னுது. ஒரு வீணைப் பாட்டுக்கு படம் வேணும். நீங்க மட்டும் கொஞ்சம் நகருங்க, உங்க வேட்டி வெளிச்சத்த மறைக்குது."

"என் தெரு, என் பாவு, நான் நகரணுமா?"

கேட்டுக்கொண்டே நகர்ந்தார் மனுஷர். அந்தப் படத்தை இன்றைக்கும் செல்லில் வைத்துக்கொண்டு, பூ வாங்க வருகிறவர்களிடம்கூடக் காட்டுகிறார்.

தேர்த் திருவிழா அன்றைக்கு நாதஸ்வரம் ஊதுகிற நாயனக்காரரைப் படம் எடுக்கப் போனாள். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரரிடம், "சார், கொஞ்சம் நகருங்க, உங்க தொப்பி நிழல் அவர் மூஞ்சில விழுது" என்றாள். அவர் சட்டென்று நகர்ந்துவிட்டார். நாலு அடி போனபிறகுதான் தாம் போலீஸ் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. திரும்பி வந்து பார்த்தால் இவள் தேர்ச் சக்கரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு காளை மாட்டை நகரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேகத்தின் கதை எங்கள் மொட்டை மாடியில் நடந்தது. "நகரு, நகரு, ஜல்தி நகரு" என்று வானத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, பெண்ணுக்கு மந்திரிக்க வேண்டும் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மேகம் நகர்ந்துவிட்டது.

இத்தனை பேரை நகர்த்தியவளால் நகர்த்த முடியாத ஆள் ஒருத்தர் இருந்தார். அவள் அப்பா. அவர் வந்து நின்றால் இவளே ஒரு ஓரமாக நகர்ந்து நிற்பாள். வாயிலிருந்து காற்றுகூட வராது.

ஆடிக்கு முன்னால் ஒரு நாள் அவர் வந்தார். வருஷக் கடைசிப் பரீட்சைக்குப் பதிலாக நிஜமான பாட்டுக்காரர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். இவள் எங்கள் பம்பைக்காரரைப் பிடித்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பம்பை மேளமும் உடுக்கையும் ஒலிக்காமல் எந்த அம்மன் திருவிழாவும் கிடையாது. மார்க்கெட் பின்னால் உள்ள கொட்டகையில் அவர் செட்டு வாசித்துப் பழகும். புதிதாக ஒரு அம்மன் பாட்டு பாடிப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஆடி முதல் வெள்ளிக்கிழமை அதை நகரு போடும் படத்தோடு செல்லில் வெளியிடுவது, அதே படத்தை மார்க்கெட் முனையில், என் தலைக்கு மேலே, பேனராகக் கட்டுவது என்று ஏற்பாடு.

லாரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நானும் வரேன். ஊரு பாத்து நல்லா கீதுன்னு சொன்னா மேல படி. சொல்லலனா பெட்டிய எடுத்துகினு வந்து மில்லுல மூட்டை எண்ணு. இந்தப் பேஜாரு இத்தோட போதும்."

நகரு தலையை மட்டும் ஆட்டினாள். அன்றைக்கு அவள் சாப்பிட்ட இட்லி பாதிதான்.

பம்பைக்காரர் வேறு விதமான ஆள். பேனர் என்றால் அவருக்கு மூஞ்சிதான். "மேல அம்மன். கீழ நடுவுல நானு, கும்பிட்டா மாரி. இந்தாண்ட ரெண்டு பேரு, அந்தாண்ட ரெண்டு பேரு. எங்கப்பாவ ஒரு வட்டத்துல வெச்சிடு. அப்பறம் என் மச்சான்."

"மச்சான் என்னா வாசிக்கறாரு மாமா?"

"ஒண்ணும் வாசிக்க மாட்டான். மைக் செட்டு அவன்துதான்."

"எத்தினி மூஞ்சி மாமா! அப்பறம் பாட்டு எங்க வெக்கிறது?"

"பாட்டு செல்லுல வரும். பேனர்ல மூஞ்சி இல்லனா எவன் எங்களக் கூப்புடுவான்?"

நகரு எல்லாரையும் எடுத்தாள். கும்பிட்டபடி, கும்பிடாதபடி, மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு, கண்ணாடி இல்லாமல். எடுத்துவிட்டு மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டர் எதிரில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் கொட்டகையில் பம்பை ஒலித்தபோது என் கூடைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"ஆயா, நாளைக்கு உங்கள எடுக்கணும். அந்தச் சிவப்புக் கல்லு கம்மல் போட்டுகினு வாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. மார்க்கெட்டில் மூத்தவள், மரியாதைப்பட்டவள், அம்மனுக்குப் பக்கத்தில் நான் இருக்க வேண்டியதுதானே? பீரோவில் இருந்து அரக்குப் பட்டுச் சேலையை எடுத்தேன். மூக்குத்தியைப் புளி போட்டுத் தேய்த்தேன். முகத்துக்கு மஞ்சள், பவுடர், நெற்றி நிறையக் குங்குமம். மகாராணி மாதிரி போய் உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்த்தேன்.

"ஆயா, என்னப் பாக்காதீங்க. பூ கட்டுங்க. கொட்டகையில வாசிக்கறத கேளுங்க. அப்பிடியே கொஞ்சம் நகருங்க. இன்னும் கொஞ்சம்."

இவ்வளவு பவுடரும் போட்டுக்கொண்டு எவளாவது பூக் கட்டுவாளா? கட்டினேன்.

ஆடி வெள்ளி வந்தது. மார்க்கெட் முனையில் கூட்டம். பம்பைக்காரர் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்தார். லாரிக்காரர் பைக்கில் வந்து, இறங்காமல், ஹெல்மெட்டையும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பேனரை மூடியிருந்த துணியை இழுத்தார்கள்.

காது.

ஒரே ஒரு காது, ஆள் உயரத்துக்கு. சுருக்கம் விழுந்த தோல், நரைத்த முடி, சிவப்புக் கல் கம்மல், காதுக்குப் பின்னால் மல்லிச் சரம். தூரத்தில், புகைக்குள் இருப்பதைப் போல மங்கலாக, பம்பையும் அதை வாசிக்கிற கைகளும். கீழே பாட்டின் பேர், பம்பைக்காரரின் போன் நம்பர். மூஞ்சி என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை.

கூட்டம் முழுக்கக் கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தது.

"எங்க மூஞ்சி எங்க?" என்றார் பம்பைக்காரர்.

"மைக் செட்டு குடுத்தவன் நானு!" என்றார் மச்சான்.

நான் எழுந்தே விட்டேன். "என் மூஞ்சி எங்கடி? பவுடர்லாம் எங்கடி?"

"நீங்கதான ஆயா சொன்னீங்க, பாட்டுக்குக் காது பத்தாதான்னு?" என்றாள் நகரு. "மாமா வாசிக்கறப்ப நீங்க பூவ அப்பிடியே வுட்டுட்டுத் தலைய சாய்ச்சிகினு கேப்பீங்க. பாட்டு எங்க கீதுன்னா அங்கதான் கீது."

லாரிக்காரர் பைக்கை ஸ்டார்ட் செய்தார். "போதும். வா, பெட்டிய எடு."

அப்போதுதான் எனக்கு வாடிக்கையாகக் கதம்பம் வாங்குகிற ஒரு பெண், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கத்தினாள்: "ஐயோ, இது நம்ம பூக்கார ஆயா காது!"

பிறகு கேட்க வேண்டுமா? "ஆமாடி, கம்மல பாரு." "மச்சம் கூட கீது பாரு." தேங்காய்க் கடைக்காரர், காய்கறிக்காரி, எல்லாரும் ஒருமுறை என்னைப் பார்ப்பார்கள், ஒருமுறை மேலே பார்ப்பார்கள். யாரோ ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்கள். பம்பை எழுந்தது. கூட்டம் பேச்சை விட்டது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பேரும் பேனரில் இருந்த மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்கள்.

பெரணமல்லூர் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கூவினார்: "யாரு பாட்டுய்யா அது? எங்க ஊரு கூழ் ஊத்தறதுக்கு வருவாங்களா?"

"வருவோம், வருவோம்!" என்றார் பம்பைக்காரர், மூஞ்சியை மறந்துபோய்.

நான் லாரிக்காரரைப் பார்த்தேன். பைக்கை நிறுத்திவிட்டிருந்தார். ஹெல்மெட் கையில் இருந்தது. அவர் தலையும் சாய்ந்திருந்தது. நகருவும் அதைப் பார்த்துவிட்டாள். மெல்ல கேமராவைத் தூக்கினாள். உதடு இரண்டு தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது தடவைதான் வந்தது.

"அப்பா, கொஞ்சம் நகருங்க. உங்க மேல நிழல் வுழுது."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவர் பைக்கை விட்டு இறங்கி, ஒரு அடி எடுத்து வைத்து, வெயிலுக்கு நகர்ந்து நின்றார்.

"இங்கயா? இது போதுமாம்மா?"

மில் மூட்டைகளை இனி வேறு யாராவதுதான் எண்ண வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மச்சான் அடுத்த வாரமே தன் மூஞ்சியை மட்டும் போட்டு ஒரு பேனர் கட்டிக்கொண்டார். அதில் 'வாழ்த்துகிறேன்' என்று இருந்தது, யாரை, எதற்கு என்று இல்லை. நகரு இப்போது சென்னையில் வேலையாக இருக்கிறாள். அங்கே யார் யாரை நகர்த்திக்கொண்டிருக்கிறாளோ. லீவு கிடைத்தால் காலை பஸ்ஸில் வந்து, நேராக மார்க்கெட் முனைக்குத்தான் வருவாள்.

என் கூடையை நான் இன்றைக்கும் எவருக்காகவும் நகர்த்துவதில்லை. அவள் வருகிற அன்றைக்கு மட்டும், சிவப்புக் கல் கம்மலைப் போட்டுக்கொண்டு, காலை வெயில் காதில் விழுகிற மாதிரி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற குழந்தை, வந்ததும் வராததுமாகத் தொண்டை வற்றக் கத்த வேண்டாம், பாருங்கள்.