தங்கத்தாள் ஒட்டிய நாக்கு

அந்த வருடம் கோன் கேன் பல்கலைக்கழகத்தில் பெரிய கூட்டம் கூடியது நூலகத்தில் அல்ல, ஆய்வுக்கூடத்திலும் அல்ல. குரு சிங்தோங்கின் கொட்டகை வாசலில். நாக்கில் தங்கத்தாள் ஒட்டி அவர் மந்திரம் ஊதிவிட்டால், மேடையேறுகிறவர் பேசும் மைனாவாகிவிடுவாராம். கிருமியை எண்ணுகிறவரும் நட்சத்திரத்தை அளக்கிறவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, நாக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். படித்தவர்கள் அல்லவா, வரிசை ஒழுங்காகத்தான் இருந்தது.

ஆதாரமும் குரு கைவசம் வைத்திருந்தார். "நம்மகிட்ட வந்துட்டுப் போன ஆளு பேச்சுல எவனாச்சும் எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டிருக்கானா? கேக்குறவன் வாயவே கட்டிருவோம்ல!"

கேட்டதில்லைதான். பெரியவர் பேசி முடித்தபின் கேள்வி கேட்டால் அவர் மனம் சங்கடப்படும் என்பது அந்தச் சீமையின் மரியாதை. தலையாட்டுவார்கள், கை தட்டுவார்கள், போய்விடுவார்கள். பல்கலைக்கழக அரங்கைப் பதினோரு வருடமாகப் பெருக்கும் புவாவுக்கு இது தெரியும். தங்கத்தாள் வருவதற்கு முன்னும் அவள் பெருக்கியது இதே மௌனத்தைத்தான்.

ஆனால் இன்றைய பேச்சு அவளுடைய ஊரிலேயே. அந்த நோங் சாய் கிராமத்தில் இருப்பது இரண்டு பம்பு. ஒன்றில் ஆர்சனிக் விஷமாம். எது என்று ஆய்வு செய்த டாக்டர் தன்வா இன்று சொல்லப்போகிறார். புவாவின் ஐந்து வயது மகள் தினமும் பாட்டில் நிரப்புவது நீலப் பம்பில்.

நாக்கு மின்ன டாக்டர் பேசினார். திரையில் எண்பத்திரண்டு படம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. வளைகோடுகள் கொட்டிக் கவிழ்த்த நூடுல்ஸ் போலக் கிடந்தன. ஒன்றேகால் மணி நேரம் கழித்து நன்றி சொன்னார். கை தட்டினார்கள். ஒரு கேள்வி இல்லை.

"பாத்தீங்களா!" முன்வரிசையில் குரு எழுந்தார். "ஒருத்தன் வாயத் தொறக்கல!"

புவா எழுந்தாள். "எந்தப் பம்புத் தண்ணியக் குடிக்கக் கூடாது? வெளங்கினவங்க கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"உக்காரு புள்ள," என்றார் ஊர்த்தலைவர். "டாக்டர் மனசு சங்கடப்படும்."

அவள் உட்காரவில்லை. வெளியே போய் இரண்டு பாட்டில் நிரப்பி வந்து குருவின் முன் வைத்தாள். "இது நீலப் பம்பு, இது கோயில் பம்பு. நீங்க மந்திரிச்ச நாக்கு, நீங்க முன்னால உக்காந்து கேட்ட பேச்சு. நல்ல தண்ணி எதுவோ அதக் குடிச்சுக் காட்டுங்க குருவே."

குரு இரண்டையும் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். நீலப் பம்பு பாட்டிலைத் தூக்கினார்.

"அய்யோ, குடிக்காதீங்க! நீலப் பம்பு விஷம்!" மேடையிலிருந்து குதித்து ஓடி வந்து தன்வா அதைத் தட்டிவிட்டார்.

கூட்டம் முழுவதற்கும் ஒரே நொடியில் புரிந்தது.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி?" என்றாள் புவா.

"சொன்னேனேக்கா... நாப்பத்தேழாவது படத்துல."

"வாயக் கட்டினாராம்ல குரு! உங்க வாயத்தான் கட்டிருக்காரு."

சிரிப்போடு கைகள் எழுந்தன. சமைக்கலாமா? கொதிக்க வைத்தால் போகுமா? கன்றுக்குட்டி குடிக்கலாமா? தன்வா நாக்கிலிருந்த தாளைத் துப்பிவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். யாருடைய மனமும் சங்கடப்படவில்லை. குருவை மட்டும் காணோம்.

புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படும் பெருமக்களே, புரியாமல் விஷம் குடிப்பதற்கு மட்டும் வெட்கமில்லையா?